வயிற்றுக் கொழுப்பு ஊசி முழங்காலைக் காப்பாற்றுமா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். என் அம்மாவுக்கு 64 வயது. தஞ்சாவூரில் இருக்கிறார். எடை 82 கிலோ. பத்து வருஷமாகச் சர்க்கரை. கடைசியாகப் பார்த்த ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) 8.9. ஐந்தாறு வருஷமாக இரண்டு முழங்காலும் வலி. போன மாதம் எடுத்த எக்ஸ்ரேயில் வலது முழங்கால் நான்காம் கிரேடு, இடது மூன்றாம் கிரேடு என்று எழுதியிருக்கிறார்கள். வலது கால் வளைந்தே போய்விட்டது. எலும்பு டாக்டர் வலது பக்கத்துக்கு மூட்டு மாற்று அறுவைசிகிச்சை செய்யச் சொல்கிறார். அம்மாவுக்குப் பயம்.

இந்த நிலையில் என் அண்ணன் ஒரு க்ளினிக்கில் விசாரித்துவிட்டு வந்திருக்கிறார். அம்மாவின் வயிற்றிலிருந்து கொழுப்பை எடுத்து, ஸ்டெம் செல்லைப் பிரித்து, அன்றைக்கே முழங்காலில் ஊசியாகப் போட்டுவிடுவார்களாம். ஐந்து கோடி செல் போகும், ஆறு மாதத்தில் புது ஜவ்வு வளர்ந்துவிடும், சொந்த உடம்பின் செல் என்பதால் பக்கவிளைவே கிடையாது என்கிறார்கள். இரண்டு காலுக்கும் சேர்த்து 2,80,000 ரூபாய். மிச்சமிருக்கும் செல்லை ட்ரிப்ஸில் ஏற்றினால் சர்க்கரையும் குறையும், கொஞ்சத்தைப் பிற்காலத்துக்குச் சேமித்தும் வைக்கலாம் என்கிறார்கள். எதிர்வீட்டு மாமி அங்கே போட்டுக்கொண்டு இப்போது நன்றாக நடக்கிறார். ‘அம்மாவைவிடப் பணமா பெரிசு?’ என்று அண்ணன் கேட்கிறார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: வணக்கம். முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் விளக்கம். வலது முழங்காலுக்கு இந்த ஊசியால் ஆகப்போவது ஒன்றுமில்லை. இடது முழங்காலில் வலி கொஞ்ச நாள் குறையலாம். ஆனால் அதே அளவு குறைவதற்கு மிக மலிவான வழிகள் இருக்கின்றன. ட்ரிப்ஸில் ஏற்றுவதற்கு மட்டும் எக்காரணம் கொண்டும் சம்மதிக்காதீர்கள்.

இதனால் கொழுப்பில் ஸ்டெம் செல், அதாவது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய செல், இருப்பதே கட்டுக்கதை என்று நினைத்துவிட வேண்டாம். 2001-ல் பாட்ரீஷியா ஸூக் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். லிப்போசக்‌ஷனில் உறிஞ்சி எடுத்துக் குப்பைக்கு அனுப்பும் கொழுப்பில், எலும்பு, குருத்தெலும்பு, தசை, கொழுப்பு என்று பல வகையாக ஆய்வகத்தில் மாற்றக்கூடிய செல்கள் இருக்கின்றன என்று காட்டினார்கள். அதுவரை அப்படிப்பட்ட செல் வேண்டுமென்றால் இடுப்பெலும்பில் ஊசியை இறக்கி மஜ்ஜையை உறிஞ்ச வேண்டும். அதிலும் பத்தாயிரத்தில் ஒன்று, லட்சத்தில் ஒன்று என்ற கணக்கில்தான் தேறும். கொழுப்பிலிருந்து பிரிக்கும் செல்களிலோ நூற்றுக்கு ஒன்றிலிருந்து பத்து வரை கிடைக்கிறது. எடுப்பதும் சுலபம், கொடுக்கிறவருக்கும் வருத்தமில்லை. உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் கொழுப்பின் பக்கம் திரும்பியதற்குக் காரணம் இதுதான்.

அந்த அறையில் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டால் க்ளினிக்கில் பேசுவதற்கு உங்களுக்குத் தெம்பு வரும். தொப்புளுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கீறல் போடுவார்கள். உப்புக்கரைசலில் மரத்துப்போகும் மருந்தும் அட்ரினலினும் கலந்து தோலுக்கடியில் தாராளமாக ஏற்றுவார்கள். அந்த இடம் விறைத்து, வெளுத்துப்போகும். ரத்தம் அதிகம் வராமல் இருக்கத்தான் அது. கொஞ்ச நேரம் பொறுத்து, நுனி மழுங்கிய நீளமான குழாயை உள்ளே விட்டு முன்னும் பின்னும் இழுப்பார்கள். வருவதை சிரிஞ்சோடு நிமிர்த்தி வைத்தால் சற்று நேரத்தில் மூன்று அடுக்காகப் பிரியும்: மேலே உடைந்த கொழுப்பின் எண்ணெய், நடுவில் மஞ்சள் கொழுப்பு, அடியில் ரத்தம் கலந்த தண்ணீர். நடு அடுக்கைக் கழுவி, கொல்லாஜினேஸ் என்ற என்சைமைச் சேர்த்து, 37 டிகிரி சூட்டில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் குலுக்குவார்கள். திசு கரைந்து செல்கள் விடுபடும். பிறகு சென்ட்ரிஃப்யூஜில் சுற்றினால் குழாயின் அடியில் சிவப்பாகக் கொஞ்சம் படிந்திருக்கும். கிண்ணம் நிறைய எடுத்த கொழுப்புக்கு மிஞ்சுவது அவ்வளவுதான்.

அந்தச் சிவப்புப் படிவை எஸ்விஎஃப் என்பார்கள். அதில் ஸ்டெம் செல் உண்டு. கூடவே ரத்தக்குழாய்ச் சுவரின் செல்கள், வெள்ளையணுக்கள், சிவப்பணுக்கள் எல்லாம் கலந்திருக்கும். ‘ஐந்து கோடி’ என்று சொல்கிறார்களே, அது பெரும்பாலும் இந்த மொத்தக் கூட்டத்தின் தலை எண்ணிக்கைதான். நான் மேலே சொன்ன விகிதத்தில் கணக்குப் போட்டால், அதில் ஸ்டெம் செல் ஐந்து லட்சத்திலிருந்து ஐம்பது லட்சத்துக்குள் எங்கேயோ இருக்கும். எத்தனை என்று அன்றைக்கே உறுதியாகச் சொல்ல, செல்லின் மேலுள்ள அடையாளப் புரதங்களைப் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற கருவி வேண்டும். அது அங்கே இருக்கிறதா என்று கேளுங்கள்.

இதே ‘கொழுப்பு ஸ்டெம் செல்’ என்ற பெயரில் இன்னும் இரண்டு சரக்கு விற்கிறது. ஒன்று, என்சைம் எதுவும் போடாமல் கொழுப்பைப் பொடிப்பொடியாக நொறுக்கிக் கழுவி அப்படியே போடுவது. இன்னொன்று, ஸ்டெம் செல்லை மட்டும் பிரித்து, ஆய்வகத்தில் வாரக்கணக்கில் வளர்த்துப் பெருக்கி, கிருமிச் சோதனையெல்லாம் முடித்துத் தருவது. மூன்றும் வேறு வேறு. ஒன்றில் கிடைத்த ஆய்வு முடிவைக் காட்டி இன்னொன்றை விற்பது இந்தத் தொழிலில் சகஜம். காலையில் கொழுப்பை எடுத்துச் சாயங்காலத்துக்குள் ஊசி போடுகிற இடத்தில் வளர்த்த செல் இருக்க வழியே இல்லை.

சரி, எந்தச் செல்லோ போகட்டும். உள்ளே போய் அது என்ன செய்கிறது? ‘புது ஜவ்வு வளரும்’ என்ற வாக்குறுதி இங்கேதான் ஆட்டம் காண்கிறது. ஆய்வகத் தட்டில் சரியான ஊக்கிகளைக் கொடுத்து வாரக்கணக்கில் கவனித்தால் இந்தச் செல் குருத்தெலும்புச் செல்லாக (அவர்கள் ஜவ்வு என்று சொல்வது இதைத்தான்) மாறும், உண்மை. முழங்காலுக்குள் போட்டால் பெரும்பாலானவை சில நாட்களில், சில வாரங்களில் செத்துப்போகின்றன. ஆனால் சாவதற்குள் பல புரதங்களைச் சுரக்கின்றன. அழற்சியைத் தணிப்பவை, புது ரத்தக்குழாய் முளைக்கத் தூண்டுபவை, பக்கத்துச் செல் மடியாமல் பார்த்துக்கொள்பவை. கட்டட வேலையில் சொல்வதானால் இவை கொத்தனார் இல்லை, மேஸ்திரி. தானே செங்கல் அடுக்காது. இருக்கிற ஆட்களை அதட்டி வேலை வாங்கும். ஆள் இருக்கிற இடத்தில்தான் மேஸ்திரியால் பயன். குருத்தெலும்பில் ரத்தக்குழாயே கிடையாது, செல்களும் சொற்பம். நான்காம் கிரேடு என்றால் அந்தக் குருத்தெலும்பே தேய்ந்து போய் எலும்போடு எலும்பு உரசுகிறது. அங்கே யாரை வேலை வாங்குவது?

இந்தச் செல்களுக்கு ‘மெசன்கைமல் ஸ்டெம் செல்’ என்ற பெயரைப் பரவலாக்கியவர் ஆர்னால்ட் கேப்லன். அது 1991-ல். 2017-ல் அவரே, இவை ஸ்டெம் செல்லாக வேலை செய்வதில்லை, பெயரை மாற்றுங்கள் என்று கட்டுரை எழுதினார். க்ளினிக் சுவரொட்டிகள் இன்னும் 1991-லேயே நிற்கின்றன.

மேஸ்திரி பலனளித்த இடங்களும் உண்டு. முலைப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு மார்பின் வடிவத்தைத் திரும்பக் கொண்டுவர, தழும்பை இளக்க, பிளாஸ்டிக் சர்ஜன்கள் சொந்தக் கொழுப்பை எடுத்து வைப்பது இன்றைக்கு வழக்கமான சிகிச்சை. அதில் பெரிய தொல்லை, வைத்த கொழுப்பு கரைந்துவிடுவது. டென்மார்க்கில் 10 ஆரோக்கியமான தொண்டர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். 2013-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒரு கையில் வெறும் கொழுப்பு, மறு கையில் அவரவர் கொழுப்பு ஸ்டெம் செல்லை வளர்த்துக் கலந்த கொழுப்பு. நான்கு மாதம் கழித்து எம்ஆர்ஐ எடுத்தால், வெறும் கொழுப்பில் மிஞ்சியது 16 சதவீதம், செல் கலந்ததில் 81 சதவீதம். பத்தே பேர்தான் என்றாலும் அந்த வித்தியாசம் அசத்தலானது. உயிருள்ள திசு, சுற்றிலும் ரத்தக்குழாய் என்று சூழ்நிலை எல்லாம் அங்கே கூடி வருகிறது.

அடுத்தது பௌத்திரம், அதாவது குடலிலிருந்து தோல் வரை துளைத்துக்கொண்டு வரும் புண். குரோன்ஸ் என்ற குடல் நோய்க்காரர்களுக்கு ஆசனவாய்ப் பக்கத்தில் வரும் பௌத்திரம் லேசில் ஆறாது. தென் கொரியா 2012-லேயே நோயாளியின் சொந்தக் கொழுப்புச் செல்லால் ஆன ஒரு மருந்துக்கு அனுமதி கொடுத்தது. ஐரோப்பாவில் 2018-ல் அலோஃபிசெல் வந்தது. வேறொருவர் கொடுத்த கொழுப்பிலிருந்து வளர்த்த 12 கோடி செல், ஒரே தடவை. 212 பேரிடம் நடந்த சோதனையில் 24 வாரத்தில் மருந்து போட்டவர்களில் பாதிப் பேருக்கு ஆறியது. போலி ஊசி போட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு. நல்ல முடிவு. அந்தக் கம்பெனியே இன்னும் பெரிதாக ஒரு சோதனையை நடத்தியது. 2023-ல் முடிவு வந்தது: மருந்து போட்டவர்களுக்கும் போலி ஊசிக்காரர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2024 டிசம்பரில் ஐரோப்பியச் சந்தையிலிருந்து மருந்தை எடுத்துவிட்டார்கள். தரம் பார்த்து, எண்ணிப் பார்த்து, வருஷக்கணக்கில் சோதித்த சரக்குக்கே இந்தக் கதி. உங்கள் அண்ணனிடம் இதை மட்டுமாவது சொல்லுங்கள்.

தண்டுவடக் காயத்துக்கு அமெரிக்காவின் மேயோ க்ளினிக் 2024-ல் வெளியிட்ட ஆய்வும் பேசப்படுகிறது. பத்துப் பேரில் ஏழு பேருக்கு உணர்ச்சியிலோ அசைவிலோ முன்னேற்றம். அது பாதுகாப்பைப் பார்ப்பதற்காகச் செய்த முதல் கட்டம். ஒப்பிட்டுப் பார்க்க எதிர்க்குழு கிடையாது. நம்பிக்கை வைக்கலாம், காசு வைக்கக் கூடாது.

இனி முழங்கால். உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்தும் ஆய்வு ஒன்று 2023 நவம்பரில் நேச்சர் மெடிசின் இதழில் வந்திருக்கிறது. அமெரிக்காவில் முழங்கால் தேய்மானம் உள்ள 475 பேர். ஒரு பிரிவினருக்கு சொந்த மஜ்ஜையின் செறிவு, ஒரு பிரிவினருக்கு சொந்தக் கொழுப்பின் எஸ்விஎஃப், ஒரு பிரிவினருக்குத் தொப்புள்கொடியிலிருந்து வளர்த்த செல், மீதிப் பேருக்குச் சாதாரண ஸ்டீராய்டு ஊசி. ஒரு வருஷம் கழித்து வலியைக் கணக்கெடுத்தார்கள். எல்லாப் பிரிவிலும் வலி குறைந்திருந்தது. எந்தச் செல்லும் ஸ்டீராய்டை முந்தவில்லை. எம்ஆர்ஐயிலும் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியவில்லை. உங்கள் அம்மாவுக்குப் போடப்போவது இதில் இரண்டாவது வகை. ஒப்பிட்ட ஸ்டீராய்டு ஊசியின் விலையோ சில நூறு ரூபாய்.

அப்படியானால் எதிர்வீட்டு மாமி பொய் சொல்கிறாரா? இல்லவே இல்லை. அவருக்கு நிஜமாகவே வலி குறைந்திருக்கும். தேய்மான வலி ஒரே சீராக இருப்பதில்லை; சில மாதம் ஏறும், பிறகு தானாக இறங்கும். ஏறியிருக்கும்போதுதான் நாம் சிகிச்சை தேடி ஓடுகிறோம், இறங்கும்போது கடைசியாக என்ன செய்தோமோ அதற்குப் புகழ் போகிறது. அதோடு, முழங்காலில் வெறும் உப்புத்தண்ணீர் ஊசி போட்டாலே ஆறு மாதம் வரை வலி கணிசமாகக் குறைவதை, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். லிப்போசக்‌ஷன், பளபளக்கும் ஆய்வகம், லட்சக்கணக்கில் செலவு என்று சடங்கு பெரிதானால் இந்த விளைவும் பெரிதாகும். மாமிக்குச் செய்த செலவு மாமியின் மகிழ்ச்சி, அதில் நான் தலையிட மாட்டேன். அவருடைய எக்ஸ்ரே எந்தக் கிரேடு என்று மட்டும் விசாரித்துப் பாருங்கள். முதல், இரண்டாம் கிரேடாக இருந்தால் உங்கள் அம்மாவோடு ஒப்பிடவே முடியாது.

உங்கள் அண்ணன் இன்னொன்றைக் காட்டக்கூடும். ‘இந்தியாவிலேயே முழங்காலுக்கு ஸ்டெம் செல் மருந்துக்கு அரசு அனுமதி கொடுத்திருக்கிறதே?’ என்பார். கொடுத்திருக்கிறது, 2022-ல். பெங்களூருவைச் சேர்ந்த ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனத்தின் ஸ்டெம்பியூசெல் என்ற மருந்து அது. கொழுப்பிலிருந்து எடுத்ததல்ல, தானம் கொடுத்தவர்களின் எலும்பு மஜ்ஜையிலிருந்து வளர்த்தது. ஒரு ஊசியில் 2.5 கோடி செல். 146 பேரிடம் சோதித்து, வலி குறைவதைக் காட்டிய பிறகு, இரண்டாம் மூன்றாம் கிரேடு தேய்மானத்துக்கு அனுமதி பெற்றார்கள். அந்த அனுமதி அந்த ஒரு மருந்துக்கு மட்டும். நான்காம் கிரேடுக்கு அதுவும் கிடையாது. அந்த அனுமதிச் செய்தியை வெட்டி ஒட்டித் தங்கள் விளம்பரத்தில் போட்டுக்கொள்கிற இடங்கள் இருக்கின்றன, ஜாக்கிரதை.

‘சொந்தச் செல், பக்கவிளைவே கிடையாது’ என்கிறார்களே, அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். 2017 மார்ச்சில் நியூ இங்கிலாந்து ஜர்னல் என்ற மருத்துவ இதழில் வந்த செய்தி: புளோரிடாவில் ஒரு க்ளினிக்கில், வயதானால் வரும் விழித்திரைச் சிதைவுக்காக மூன்று பெண்மணிகளின் கண்ணுக்குள் அவர்களுடைய சொந்த வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த ‘ஸ்டெம் செல்’லைச் செலுத்தினார்கள். 72-லிருந்து 88 வயதுக்குள் இருந்தவர்கள். ஒரே நாளில் இரண்டு கண்ணிலும். ஒரு கண்ணில் போட்டு என்ன ஆகிறது என்று பார்ப்போம் என்றுகூடத் தோன்றவில்லை. மூவருக்கும் பார்வை மோசமாகப் போனது. அவர்களில் சிலர் அதை ஆராய்ச்சி என்று நம்பிப் போயிருக்கிறார்கள், 5,000 டாலர் கட்டிவிட்டு.

ட்ரிப்ஸுக்கு வருகிறேன். இந்தச் செல்கள் அளவில் பெரியவை. நரம்பில் ஏற்றினால் முதலில் போய்ச் சிக்குவது நுரையீரலின் நுண்குழாய்களில். கணையத்துக்கு விலாசம் தேடிக்கொண்டு போகும் என்பது விளம்பரக் கற்பனை. என்சைமில் கரைத்த படிவு சரியாக வடிகட்டப்படாமல் கட்டியாக இருந்தால் அடைப்பே வரலாம். 2010-ல் ஜப்பானின் கியோட்டோவில், கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை நரம்பில் ஏற்றிக்கொண்ட தென் கொரிய முதியவர் ஒருவர் நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பில் இறந்துபோனார். சர்க்கரைக்கு நல்ல மாத்திரைகளும் இன்சுலினும் மலிவாகக் கிடைக்கும்போது இந்த விஷப்பரீட்சை எதற்கு? ‘மிச்சத்தைச் சேமித்து வைக்கலாம்’ என்பதும் அப்படியே. உறைய வைத்த எஸ்விஎஃப்பை எடுத்துச் செய்ய அனுமதி பெற்ற சிகிச்சை எதுவும் இங்கே இல்லை. வருஷா வருஷம் வாடகை மட்டும் போகும்.

சட்டம் என்ன சொல்கிறது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2017-ல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதலின்படி, ஸ்டெம் செல்லைச் சிகிச்சை என்று சொல்லிக் கொடுக்கக்கூடியது ரத்தம் சம்பந்தமான நோய்களுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்று வகைகள்தான். மற்றவை, ஸ்டெம்பியூசெல் போல மருந்தாகத் தனி அனுமதி பெறாதவரை, அனுமதி பெற்ற ஆராய்ச்சிக்குள் நடக்க வேண்டும். 2019-ன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகளும் ஸ்டெம் செல்லிலிருந்து செய்யும் பொருளைப் புதிய மருந்தாகவே பார்க்கின்றன. அமெரிக்காவிலும் ‘சொந்தக் கொழுப்பு, இதற்கு எதற்கு அனுமதி?’ என்று வாதாடிய க்ளினிக்குகள் புளோரிடாவில் 2019-லும் கலிஃபோர்னியாவில் 2024-ன் மேல்முறையீட்டிலும் தோற்றன.

அதனால் க்ளினிக்கில் ‘ஆராய்ச்சி’ என்று சொன்னால், இந்தியாவின் சோதனைப் பதிவேடான சிடிஆர்ஐயில் பதிந்த எண்ணையும் நெறிமுறைக் குழு கொடுத்த அனுமதிக் கடிதத்தையும் கேளுங்கள். எண் மட்டும் போதாது, கையெழுத்திடச் சொல்லும் சம்மதப் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள். முறையான சோதனையில் சோதிக்கப்படும் மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்க மாட்டார்கள், பாதிப்பு வந்தால் நஷ்டஈடும் உண்டு. 2,80,000 ரூபாய் கேட்கிற இடத்துக்கு ஆராய்ச்சி என்ற பெயர் பொருந்தாது. ‘சிகிச்சை’ என்று சொன்னால், எந்த அனுமதியில் என்று எழுத்தில் கேளுங்கள். அநேகமாகப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

அண்ணனைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். அம்மா படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவதைப் பார்க்கிற பிள்ளை, கையிலிருப்பதை எல்லாம் கொட்டத் தயாராகத்தான் இருப்பார். அந்தப் பாசத்தின் மேல்தான் இந்த விலைப்பட்டியலே எழுதப்படுகிறது. பணம் செலவழிக்க அவர் தயார் என்றால் நல்லது, எங்கே செலவழிக்கலாம் என்று சொல்கிறேன்.

வலது முழங்காலைப் பொறுத்தவரை உங்கள் எலும்பு டாக்டர் சொன்னதுதான் சரி. எலும்போடு எலும்பு உரசுகிறது, காலும் வளைந்துவிட்டது. இந்த நிலையில் வளைவையும் வலியையும் ஒருசேரத் தீர்ப்பது மூட்டு மாற்றுதான். அம்மாவின் பயம் நியாயமானது. ஆனால் அவர் கேள்விப்பட்ட கதைகள் பழையவையாக இருக்கலாம். இப்போது பெரும்பாலும் மறுநாளே வாக்கரைப் பிடித்து நடக்க வைத்துவிடுகிறார்கள். பல நாட்டுப் பதிவேடுகளைத் தொகுத்து 2019-ல் வந்த கணக்கின்படி, முழு மூட்டு மாற்று செய்தவற்றில் ஏறக்குறைய 82 சதவீதம் 25 வருஷம் தாக்குப்பிடிக்கிறது. 64 வயதுக்காரருக்கு அது ஆயுசுக்கும் காணும். 2017 ஆகஸ்டிலிருந்து செயற்கை மூட்டின் விலைக்கு மத்திய அரசின் உச்சவரம்பு இருக்கிறது. எஸ்டிமேட் வாங்கும்போது மூட்டின் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனைகளிலும் இதைச் செய்கிறார்கள். காப்பீட்டில் வருமா என்று அங்கேயே விசாரிக்கலாம். தெருவில் ஏற்கெனவே செய்துகொண்ட ஒருவரை வீட்டுக்கு வரவழைத்து அம்மாவோடு அரை மணி பேச வையுங்கள். நான் ஒரு மணி நேரம் பேசுவதைவிட அது வேலை செய்யும்.

ஒன்றை மறக்காதீர்கள். அறுவை செய்வதாக முடிவெடுத்தால், அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் வலது முழங்காலுக்குள் எந்த ஊசியும் போகக் கூடாது. ஸ்டீராய்டு ஊசிக்குப் பின் அந்த இடைவெளி இல்லாமல் செய்தால் புது மூட்டில் சீழ் பிடிக்கும் ஆபத்து கூடுகிறது. க்ளினிக்கில் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இடது முழங்காலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. தொடையின் முன்தசை வலுவானால் மூட்டின் சுமை குறையும். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து, அந்தத் துண்டைக் கீழே அழுத்தி, ஐந்து எண்ணி விடச் சொல்லுங்கள். காலையில் இருபது, சாயங்காலம் இருபது. இரண்டு வாரம் ஆன பிறகு, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. முடியாவிட்டால் முதலில் உயரமான நாற்காலி. ஒரு பிசியோதெரபிஸ்ட் மாதம் சில தடவை வீட்டுக்கு வந்து பார்த்தால் உத்தமம். அண்ணனின் பணம் இதற்குப் போகட்டும். கைத்தடியை இடது கையில் பிடிக்க வேண்டும், வலி அதிகமுள்ள காலுக்கு எதிர்க்கை. பலர் மாற்றிப் பிடிக்கிறார்கள். தரையில் சம்மணம் போடுவதையும் குந்துவதையும் நிறுத்திவிட்டு, கழிவறையில் வெஸ்டர்ன் வைத்து, பக்கத்தில் பிடித்து எழ ஒரு கம்பியும் பொருத்திவிடுங்கள். வலிக்குத் தடவும் ஜெல் பரவாயில்லை. கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையைப் பத்து வருஷச் சர்க்கரைக்காரர் தினமும் போட்டால் சிறுநீரகம் கெடும். மிகவும் தொந்தரவானால் இடது பக்கம் மட்டும் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளலாம். நாலைந்து நாள் சர்க்கரை ஏறும், முன்கூட்டியே தெரிந்திருந்தால் பயப்பட வேண்டியதில்லை.

எடையைத் தள்ளிப்போட முடியாது. ஒரு கிலோ இறங்கினால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலின் மேல் நாலு கிலோ சுமை குறைகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். 82 கிலோவில் பத்து சதவீதம், அதாவது எட்டு கிலோ குறைத்தால் அம்மாவுக்கே வித்தியாசம் தெரியும். செமாக்ளூடைடு என்ற ஊசி மருந்தால் எடை குறைந்தவர்களுக்கு முழங்கால் வலி நன்றாகக் குறைந்ததை 2024-ல் வந்த ஒரு சோதனை காட்டியிருக்கிறது. அம்மாவுக்குச் சர்க்கரையும் இருப்பதால் அது பொருந்துமா என்று சர்க்கரை டாக்டரிடம் கேளுங்கள். வயிற்றுக் கொழுப்பை எடுத்து மூட்டில் போடுவதைவிட, அதைக் கரைப்பதற்குத்தான் இன்றைக்குச் சான்று பலமாக இருக்கிறது.

கடைசியாக அந்த 8.9. அந்த அளவோடு மூட்டு மாற்றுக்குப் போக உங்கள் சர்ஜனே தயங்குவார். எட்டுக்குக் கீழே, முடிந்தால் ஏழரைப் பக்கம் கொண்டுவரச் சொல்வார். புண் ஆறுவதும் சீழ் பிடிக்காமல் இருப்பதும் அதைப் பொறுத்தது. ஹெச்பிஏ1சி மூன்று மாதக் கணக்கு என்பதால், இந்த வாரமே சர்க்கரை டாக்டரிடம் மருந்தை மாற்றி அமைத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்துவிட்டு, அதன் பிறகு தேதி குறியுங்கள். இடையில் பல், சிறுநீர், கால் விரலிடுக்கு ஆகியவற்றில் கிருமித்தொற்று இருக்கிறதா என்றும் ஒரு முறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.